அல்வாவும் மஸ்கட்டும்: இனிப்புகளின் நாடுவிட்டு நாடு மாறும் பெயர்கள்

ஆய்வுச்சுருக்கம்

அரபுச் சொல்லான ‘ஹல்வா’ மேற்காசியாவிலிருந்து பால்கன் நாடுகள், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, மியான்மர் ஆகிய பகுதிகளுக்குப் பரவியபோது, அது சுட்டும் பண்டம் நாட்டுக்கு நாடு மாறியது. சில இடங்களில் பண்டம் ஒன்றாகவே இருக்க, பெயர் மாறியது. கோதுமை மாப்பாலில் செய்யும் இனிப்பு ஓமானில் ‘ஹல்வா’ என்றும் இலங்கையில் ‘மஸ்கட்’ என்றும் வழங்குவது இதற்குச் சான்று. பெயர் எப்போது பண்டத்தைத் தொடர்கிறது, எப்போது கைவிடுகிறது, ஊர்ப்பெயர் எப்போது பண்டப்பெயராகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அல்வா, மஸ்கட், அலுவா, கேசரி, ஊர்ப்பெயர், உணவு வரலாறு

முன்னுரை

இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுத் தட்டில் வைக்கப்படும் பலகாரங்களுள் ஒன்று ‘அலுவா’. வறுத்த அரிசிமாவைப் பாகில் கிளறி, தட்டையாகப் பரப்பி, சாய்சதுரத் துண்டுகளாக வெட்டி எடுப்பர். கையில் எடுத்தால் மாவு உதிரும். நெய் வழியும் திருநெல்வேலி அல்வாவைச் சுவைத்துப் பழகிய ஒருவர் அதனை அல்வா என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவார். அதே இலங்கையில், கோதுமை மாவைத் தண்ணீரில் பிசைந்து கழுவிப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கண்ணாடிபோல் கிளறி இறக்கும் இனிப்பும் உண்டு. முந்திரி பதித்து, செந்நிறமாகவோ பச்சையாகவோ கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் அதனைத் தமிழ்நாட்டார் தயக்கமின்றி ‘அல்வா’ என்பர். இலங்கையில் அதன் பெயர் ‘மஸ்கட்’.

ஒரே கடலின் இரு கரைகளில் ஒரு சொல் வேறு பண்டத்தையும், ஒரு பண்டம் வேறு சொல்லையும் பெற்றிருப்பது தற்செயலானதன்று. உணவு வரலாற்றில் பெயர்களைக் கொண்டு தோற்றம் காணும் முயற்சிகள் மிகுதி. ‘இச்சொல் அரபு, ஆகவே இப்பண்டம் அரேபியாவிலிருந்து வந்தது’ என்பது அவற்றின் வழக்கமான வாதம். பெயரும் பண்டமும் எப்போதும் ஒரே கப்பலில் பயணம் செய்வதில்லை என்பதை இவ்வாதம் கணக்கில் கொள்வதில்லை.

சொல்லின் விரிவு

‘ஹல்வா’ என்பது இனிமை என்னும் பொருள்தரும் அரபு வேரடியிலிருந்து தோன்றிய சொல். தொடக்கத்தில் அது ஒரு குறிப்பிட்ட பண்டத்தின் பெயரன்று. இனிப்பு என்ற பொதுப்பெயர். 1226இல் பாக்தாத்தில் முகம்மது பின் ஹசன் அல்-பாக்தாதி தொகுத்த ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலில் இனிப்புகளுக்கெனத் தனிப்பகுதி உண்டு. அவருக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு முன், பத்தாம் நூற்றாண்டில், இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த அதே பெயருடைய நூலிலும் இனிப்பு வகைகள் விரிவாக இடம்பெறுகின்றன. மாச்சத்து, தேன், கொழுப்பு ஆகியவற்றைக் கிளறிச் செய்யும் ‘ஃபாலூதஜ்’ அக்கால அரபு உலகின் பெருமைக்குரிய இனிப்பு. இன்றைய கோதுமை அல்வாவின் செய்முறைக்கு மிக அணுக்கமானது அதுவே.

இங்கு ஒரு வேடிக்கை நிகழ்ந்திருக்கிறது. ‘ஃபாலூதஜ்’ என்பது பாரசீகத்திலிருந்து அரபுக்குச் சென்ற சொல். வடிகட்டுதல் என்னும் வினையோடு தொடர்புடையது. அச்சொல் இன்று ஈரானில் ‘ஃபாலூதே’ என்று மெல்லிய மாச்சத்து இழைகளும் உறைந்த பாகும் கலந்த குளிர்ந்த பண்டத்தைக் குறிக்கிறது. இந்தியாவில் ‘ஃபலூடா’ என்று பாலும் சேமியாவும் சப்ஜா விதையும் கலந்த கண்ணாடிக் குவளைப் பானமாகிவிட்டது. பழைய ஃபாலூதஜ் போன்ற கிளறிய பண்டமோ அல்வா என்னும் பொதுப்பெயரைத் தன் சிறப்புப்பெயராக்கிக்கொண்டது. சென்னையில் ஐஸ்கிரீம் கடையில் ஃபலூடா கேட்பவரும், பக்கத்து இனிப்பகத்தில் அல்வா கேட்பவரும் ஒரே இடைக்காலப் பண்டத்தின் பெயரையும் உடலையும் தனித்தனியே வாங்கிச் செல்கின்றனர் என்று சற்று மிகைப்படுத்திச் சொல்லலாம்.

பொதுப்பெயர் சென்ற இடமெல்லாம் அங்குக் கிடைத்த மூலப்பொருளைப் பற்றிக்கொண்டது. துருக்கியில் ‘ஹெல்வா’ மூவகைப்படும்: மாவில் செய்வது, ரவையில் செய்வது, எள் விழுதில் செய்வது. ஒஸ்மானியரின் தோப்காப்பி அரண்மனையில் இனிப்புகளுக்கெனத் தனிச் சமையற்கூடம் இருந்தது. அதன் பெயரே ‘ஹெல்வாஹானே’. துருக்கியிலும் ஈரானிலும் இறந்தவர் நினைவாக அல்வா கிளறிப் பகிர்வது இன்றும் வழக்கம். திருமண விருந்தோடும் தலைதீபாவளியோடும் அல்வாவை இணைத்துப் பார்க்கும் தமிழருக்கு இது வியப்பளிக்கலாம். கிரேக்கர் அதனை ‘ஹல்வாஸ்’ என்பர். பாலும் முட்டையும் விலக்கப்படும் பெருநோன்புக் காலத்தில் எண்ணெயில் செய்த ரவை அல்வாவும் எள் அல்வாவும் அங்குக் கைகொடுக்கின்றன. உருசியாவிலும் உக்ரைனிலும் ருமேனியாவிலும் எள்ளின் இடத்தைச் சூரியகாந்தி விதை பிடித்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வழியாக அமெரிக்கா சென்ற அல்வா எள் அல்வாவே. ஆகவே நியூயார்க்கில் அச்சொல்லைக் கேட்பவர் மனத்தில் தோன்றுவது உதிரும் கட்டி. நெய் மினுங்கும் குழைவு அன்று.

வட இந்தியாவில் இச்சொல் இன்னொரு வகையிலும் வேரூன்றியது. லட்டு, பேடா, ஜிலேபி என எதைச் செய்தாலும் இனிப்புக் கலைஞர் ‘ஹல்வாய்’ எனப்பட்டார். அரபு வேர்ச்சொல் ஒன்று வட இந்தியாவின் இந்துச் சமூகப் பிரிவொன்றின் தொழிற்பெயராகவே நிலைத்தது. தில்லியில் நிதி அமைச்சகம் வரவு-செலவுத் திட்ட ஆவணங்களை அச்சேற்றும் வேளையில் அல்வா கிளறி வழங்கும் சடங்கும் இத்தொடர்ச்சியில் வருவதே.

தமிழ் வழக்கிலோ அச்சொல் உணவைத் தாண்டிச் சென்றது. ‘அல்வா கொடுத்தல்’ என்றால் ஏமாற்றுதல். கிரேக்கத்திலும் ஹல்வாஸ் என்பது மந்தமான ஆளைக் குறிக்கும் வசைச்சொல்லாகப் பயன்படுகிறது. இவ்விரண்டுக்கும் தொடர்பு ஏதும் இருக்க இடமில்லை. மென்மையாக வழுக்கிச் செல்லும் ஒரு பண்டம் இரு மொழிகளிலும் நம்பகத்தன்மை பெறவில்லை என்பதோடு அமையலாம்.

நிரம்பிய இடமும் புதிய பெயரும்

வட இந்தியாவில் ரவையில் செய்வது ‘சூஜி கா ஹல்வா’. தமிழ்நாட்டில் அதற்கு நெருங்கிய பண்டத்தை எவரும் ரவை அல்வா என்பதில்லை; அது ‘கேசரி’. குங்குமப்பூவைக் குறிக்கும் ‘கேசர்’ என்ற சொல்லிலிருந்து, நிறத்தால் வந்த பெயர் இது. குங்குமப்பூ விலையுயர்ந்தது; பெரும்பாலான அடுக்களைகளில் அதன் இடத்தில் செந்நிறப் பொடி வந்து சேர்ந்தது. பின்னர் அப்பொடியே ‘கேசரிப் பவுடர்’ எனப் பண்டத்தின் பெயரைப் பெற்றது. தஞ்சைப் பகுதியில், குறிப்பாகத் திருவையாற்றில், பாசிப்பருப்பில் கிளறுவது ‘அசோகா’. வடக்கே அத்தகைய பண்டம் ‘மூங் தால் ஹல்வா’ என்றே சொல்லப்படுகிறது.

தமிழகத்தில் அல்வா என்றால் கோதுமைப்பாலில் கிளறியது என்ற பொருள் உறுதிப்பட்டுவிட்டது. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து, அடியில் தங்கிய பாலைச் சர்க்கரைப் பாகிலும் நெய்யிலும் நெய் பிரியும்வரை கிளறும் முறை அது. கோதுமை விளையாத தாமிரபரணிக் கரை இதன் தலைநகரானது வடக்குத் தொடர்பின்றி நிகழ்ந்திருக்க முடியாது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மாலையில் மட்டும் வணிகம் செய்யும் புகழ்பெற்ற ‘இருட்டுக்கடை’யைத் தொடங்கியவர்கள் ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பத்தார் என்று கூறப்படுவதும் இத்தொடர்பைச் சுட்டுகிறது. ஆற்று நீரின் சுவையே அல்வாவின் சுவை என்னும் உள்ளூர்ப் பெருமிதம் அந்த வடக்குத் தொடர்பை மறைத்துவிடுகிறது.

பொதுப்பெயரின் இடம் இவ்வாறு நிரம்பிய பின் வரும் பண்டத்துக்கு இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, கேரட் அல்வா, பீட்ரூட் அல்வா என அடைமொழியோடு நுழைவது. மற்றொன்று, கேசரி, அசோகா என முற்றிலும் வேறு பெயர் பூணுவது. எவ்வழி நேரும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் விதி ஏதும் புலப்படவில்லை. ஆனால் அடைமொழி இல்லாத வெறும் பெயர், முதலில் வேரூன்றிய பண்டத்திடமே தங்கிவிடுகிறது.

இலங்கை நிலையை இவ்வடிப்படையில் விளங்கிக்கொள்ளலாம். அங்கு ‘அலுவா’ என்ற பெயரை அரிசிமாப் பண்டம் பிடித்துக்கொண்டது. கோதுமை அரிதாகவும் அரிசி எங்கும் கிடைப்பதாகவும் உள்ள நாட்டில் இது இயல்பே. பிறகு வளைகுடாப் பாணியில் மாப்பால் இனிப்பு வந்து சேர்ந்தபோது அதற்குரிய இயற்பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்கு உரியதாகியிருந்தது. எனவே அது எவ்வூர்ப் பண்டமாக அறியப்பட்டதோ அவ்வூரின் பெயரே பண்டத்தின் பெயராயிற்று. இவ்வரிசை முறை ஊகமே; எனினும் தூத்துக்குடி மாவட்டத்துச் சான்று இதற்கு வலுவூட்டுகிறது. சாத்தான்குளத்துக்கு அருகிலுள்ள முதலூர், 1799இல் கிறித்தவக் குடியிருப்பாக உருவான ஊர். அங்குத் தேங்காய்ப்பாலும் மாப்பாலும் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்துக் கிளறும் இனிப்பு ‘மஸ்கோத் அல்வா’ என்று விற்கப்படுகிறது. இலங்கையில் வெறும் ‘மஸ்கட்’. இங்கோ ‘மஸ்கோத் அல்வா’. தமிழகத்தில் அல்வா என்பது மாப்பால் இனிப்பையே குறித்ததால் ஊர்ப்பெயர் அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. இலங்கையில் அச்சொல் அரிசிமாத் துண்டைக் குறித்ததால், ஊர்ப்பெயர் தனித்து நின்றது.

துறைமுகங்களின் பெயரால்

ஓமானில் இப்பண்டத்துக்கு ஊர்ப்பெயர் கிடையாது. அங்கு அது வெறும் ‘ஹல்வா’தான். மாச்சத்து, சர்க்கரை, நெய், குங்குமப்பூ, ஏலக்காய், பன்னீர், பருப்பு வகைகள் ஆகியவற்றைப் பெரிய செப்புக் கொப்பரையில் இட்டு, நீண்ட துடுப்பால் இடைவிடாது கிளறுவர். விருந்தினருக்குக் காப்பியோடு கொடுப்பது மரபு. ஓமான் சுல்தான் சயீத் பின் சுல்தான் 1840ஆம் ஆண்டளவில் தம் தலைநகரைச் சான்சிபாருக்கு மாற்றினார். அங்கும் அல்வாவும் காப்பியும் இணைந்தே வழங்குகின்றன. பெயரும் சுவாகிலி ஒலிப்பில் ‘ஹலுவா’ என்றே தொடர்கிறது. ஆட்சியாளரும் குடிகளும் சேர்ந்து பெயர்ந்த இடத்தில் பண்டத்தோடு பெயரும் உடன் சென்றிருக்கிறது. வணிகர் கை வழியாக மட்டும் வந்த இலங்கையில் துறைமுகத்தின் பெயர் முன்னுக்கு வந்தது.

மஸ்கட் நகரின் பெயர் வேறொரு கண்டத்திலும் பொதுச்சொல்லாகியுள்ளது. அந்நகர் 1507 முதல் 1650 வரை போர்த்துக்கேயர் வசம் இருந்தது. பிரேசிலில் ‘மஸ்காத்தி’ என்றால் ஊர் ஊராகச் சென்று பொருள் விற்பவர். இச்சொல் மஸ்கட்டிலிருந்து பிறந்தது என்பது அகராதியாளர் கருத்து. ஒரு துறைமுகம் இலங்கையில் தின்பண்டமாகவும் பிரேசிலில் தெரு வணிகராகவும் ஆகியிருக்கிறது.

இவ்வாறு துறைமுகப் பெயர் தாங்கிய அல்வாக்கள் மேலும் உண்டு. சோளமாவில் செய்யும், கண்ணாடிபோல் மினுங்கி இழுத்தால் நீளும் இனிப்பு இந்தியாவில் ‘கராச்சி அல்வா’ என்றும் ‘பம்பாய் அல்வா’ என்றும் வழங்குகிறது. மியான்மரில் ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் வெண்ணெயும் சேர்ந்த ‘ஹலவா’ அயராவதிக் கழிமுகத் துறைமுகமான பத்தேனின் பெயரோடு அறியப்படுகிறது. இவற்றுள் பத்தேன், செய்யும் ஊரின் பெயர். மஸ்கட்டும் கராச்சியும், செய்யும் ஊரைச் சுட்டாமல் எங்கிருந்து வந்ததாக வாங்குபவர் கருதினாரோ அவ்வூரைச் சுட்டுகின்றன. இரண்டையும் ஒன்றாகக் கொள்வது ஊர்ப்பெயர் ஆய்வில் அடிக்கடி நேரும் குழப்பம்.

பண்டம் மட்டும் சென்ற வழி

அல்வாவுக்கு நேர்மாறான எடுத்துக்காட்டு போர்த்துக்கேய முட்டை இழை இனிப்பு. முட்டை மஞ்சட்கருவைக் கொதிக்கும் பாகில் மெல்லிய இழையாக ஊற்றி எடுப்பது அதன் முறை. போர்த்துக்கேய மொழியில் ‘முட்டை நூல்’ எனப்பொருள்படும் பெயர் அதற்கு. சப்பானின் ஃபுகுவோகாவில் அது ‘முட்டை நூடுல்ஸ்’ என்னும் பொருளில் ‘கெய்ரான் சோமென்’. தாய்லாந்தில் ‘ஃபோய் தோங்’, அதாவது பொன்னிழை. மலாய் நாட்டில் ‘ஜாலா மாஸ்’, பொன்வலை. கேரளத்து மாப்பிள்ளை முசுலிம்களிடம் ‘முட்டமாலை’. செய்முறை ஏறத்தாழ ஒன்றே. ஆனால் போர்த்துக்கேயப் பெயர் இவற்றுள் எங்கும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு மொழியினரும் தத்தம் கண்ணுக்குத் தெரிந்த உருவத்தைக் கொண்டு பெயரிட்டனர். நூடுல்ஸ் உண்பவருக்கு அது நூடுல்ஸ், மாலை கட்டுபவருக்கு மாலை.

தாய்லாந்தில் இவ்வினிப்பை அறிமுகப்படுத்தியவராக மரியா கியோமர் தெ பின்யா போற்றப்படுகிறார். அயுத்தியா அரசவையில் உயர்பதவி வகித்த கிரேக்கரான கான்ஸ்டன்டைன் ஃபால்கனின் மனைவி. சப்பானிய, போர்த்துக்கேய மரபினர். ஒரே இனிப்பு சப்பானிலும் மலபாரிலும் போர்த்துக்கேயர் தொட்ட பிற இடங்களிலும் வழங்குவதை நோக்க, தனியொருவரைத் தோற்றுவாயாகக் காட்டும் மரபுக்கதையை எச்சரிக்கையோடுதான் ஏற்கவேண்டும். பெயர் உள்ளூர்ச் சொல்லாக இருப்பதால் இவற்றை வெளிநாட்டுப் பண்டம் என்று யாரும் ஐயுறுவதில்லை என்பதும் குறிக்கத்தக்கது. கெய்ரான் சோமெனும் முட்டமாலையும் உள்ளூர் மரபு இனிப்புகளாகவே மதிக்கப்படுகின்றன. பெயர்தான் அயன்மையை நினைவூட்டுகிறது. செய்முறை அதனைச் செய்வதில்லை.

பெயரும் பகையும்

ஊர்ப்பெயர் ஒட்டிய இனிப்புகள் அமைதிக்காலத்தில் எவரையும் உறுத்துவதில்லை. அடுக்கடுக்காக மடித்துச் சுடும் இனிப்பு ரொட்டியை ஆங்கிலேயர் ‘டேனிஷ்’ என்கின்றனர். டென்மார்க்கில் அதன் பெயர் ‘வியன்னா ரொட்டி’. வியன்னாவிலோ அதே வகையை ‘கோபன்ஹேகன்’ பெயரால் அழைக்கின்றனர். 1850ஆம் ஆண்டு டென்மார்க்கில் அடுமனைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது ஆஸ்திரியத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டதே இதன் தொடக்கம் என்பர். தன் ஊர்ப்பெயரை இட்டுக்கொள்ள எவரும் முன்வராமல், இரு நாட்டினரும் மற்றவர்க்கு உரிமையை விட்டுக்கொடுத்திருக்கும் அரிய நிகழ்வு இது.

2006ஆம் ஆண்டு பிப்ரவரியில், டேனிஷ் நாளிதழில் வெளியான கேலிச்சித்திரங்களுக்கு எதிர்ப்புத் தெரிவித்து, ஈரானில் ‘டேனிஷ்’ இனிப்பின் பெயர் ‘முகம்மதி மலர்’ என மாற்றப்பட்டது. டென்மார்க்கினர் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளாத ஒரு பண்டம் டென்மார்க்கின் பெயரால் தண்டிக்கப்பட்டது. இந்தியாவில் 2025ஆம் ஆண்டு மே மாதம், பஹல்காம் தாக்குதலையும் அதைத் தொடர்ந்த போர்ச்சூழலையும் ஒட்டி, ஜெய்ப்பூர் இனிப்பகங்கள் சில ‘மைசூர் பாக்’ என்பதை ‘மைசூர் ஸ்ரீ’ என மாற்றின. இப்பெயரில் உள்ள ‘பாக்’ சமைத்த பாகைக் குறிக்கும் சொல். தமிழர் நாவில் அது ‘மைசூர்பாகு’ என்றே வழங்குகிறது. பாகிஸ்தானோடு அதற்குள்ள தொடர்பு ஓரசை ஒலியொற்றுமை மட்டுமே. அதே மாதத்தில் ஐதராபாத்தில் கராச்சி நகரின் பெயர் தாங்கிய அடுமனை ஒன்று தாக்கப்பட்டது. பிரிவினையில் சிந்துப் பகுதியை விட்டு வெளியேறிய குடும்பம் 1953இல் தொடங்கிய நிறுவனம் அது. இழந்த ஊரின் நினைவாக வைத்த பெயர், பகைநாட்டின் பெயராகப் படிக்கப்பட்டது.

பெயர்ப்பலகையைக் கல்லால் அடிப்பவரும் சட்டப்படி பதிவு செய்ய முனைபவரும் ஒரு கருத்தில் உடன்படுகின்றனர்: பண்டப்பெயரில் உள்ள ஊரே பண்டத்தின் உரிமையாளர் என்பதே அது. இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டது. ரசகுல்லாவுக்காக மேற்கு வங்கமும் ஒடிசாவும் மோதி, 2017இல் ஒன்றும் 2019இல் மற்றொன்றுமாகத் தனித்தனிப் பதிவு பெற்றன. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019இல் பதிவாயின. இவற்றில் ஊர்ப்பெயரும் செய்யும் இடமும் ஒன்றாதலால் சிக்கல் எழவில்லை. ஊர்ப்பெயர் அல்லாத பெயரும் குறிப்பிட்ட நிலப்பகுதியோடு தொடர்புடையதாயின் குறியீடாகலாம் என அச்சட்டம் இடமளிக்கிறது. வேற்றூர்ப் பெயரே பண்டப்பெயராகிவிட்ட நேர்வுகள் அத்தனை எளியவை அல்ல. ‘முதலூர் மஸ்கோத் அல்வா’ என்னும் தொடரில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று அதைக் கிளறும் ஊர். மற்றொன்று, அரபிக்கடலுக்கு அப்பால், தன் பெயரில் ஓர் அல்வா இருப்பதை அறிந்திராத ஊர்.